பந்தயச் சோறு

எங்க அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வயசு கேட்டால் "அம்பத்தஞ்சு புயலுக்கு ஒங்க அப்பன் கைப்புள்ள" என்றுதான் சொல்லும். ஆனால் ஒரே ஒரு எண்ணை மட்டும் சாகும்வரை மறக்கவில்லை. அறுபத்து மூணு. எங்க தாத்தா ஒரு பந்தயத்தில் தின்ற சோற்று உருண்டைகளின் எண்ணிக்கை அது.

கட்டுமாவடிக்கு மேற்கே, கல்லணைக் கால்வாயின் கடைமடையில் இருக்கிற ஒரு சேரி எங்களுடையது. அப்போது இந்தப் பகுதி தஞ்சாவூர் ஜில்லா. 1974இல் புதுக்கோட்டை மாவட்டம் உண்டானபோதுதான் இந்தப் பக்கம் சேர்ந்தோம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வயல். கடலில் மீன் இருந்தது, வயலில் நெல் இருந்தது. எங்க தெருவில் இரண்டும் இல்லை.

புயலடித்த மூன்றாவது வருசம், தை மாசம். சம்பா அறுப்பு முடிந்து களத்தில் போரடி நடக்கிறது. ஆண்டை வீட்டுக்கு வெளியூரிலிருந்து விருந்தாடி வந்திருக்கிறார்கள். கட்டிலைக் களத்து மேட்டில் போட்டு உட்கார்ந்து பொழுது போகாமல் இருந்தவர்களில் ஒருவருக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. இந்த ஆள்களில் எவனாவது ஒரு படி அரிசிச் சோற்றை ஒரே உட்காரலில் தின்பானா? ஆண்டை தாத்தாவைக் கூப்பிடுகிறார்.

"டேய், ஒரு படி அரிசிச் சோறு தின்னுருவியா?"

"தின்னுருவேன் ஆண்டே."

தின்று முடித்தால் ஒரு கலம் நெல். முடிக்காவிட்டால் ஒரு மாசம் கூலி இல்லாத வேலை. இன்னொரு நிபந்தனையும் உண்டு. அதை அப்பாயி அந்தக் குரலிலேயே சொல்லிக் காட்டும்: "வயித்துல போறது ஒனக்கு. மடியில போனா களவு."

சோறு வடித்துக் கருவாட்டுக் குழம்பு ஊற்றி இலையில் கொட்டினார்கள். தாத்தா தின்றார். களத்தைச் சுற்றி நின்று எல்லோரும் பார்த்தார்கள். அப்பாயியும் பார்த்தது. இடுப்பில் எங்க அப்பா, கையைப் பிடித்துக்கொண்டு பெரியத்தை. மூன்று பேரும் முதல் நாள் ராத்திரி குடித்தது கேப்பைக் கூழ்.

"அவரு தின்ன ஒவ்வொரு உருண்டையையும் எண்ணுனேன்யா. இது பெரியவளுக்கு, இது சின்னவனுக்கு, இது எனக்குன்னு பங்கு போட்டுக்கிட்டே எண்ணுனேன். அறுபத்து மூணு. ஆளுக்கு இருபத்தொண்ணு."

தாத்தா ஜெயித்துவிட்டார். ஒரு கலம் நெல்லில் பழைய கடனுக்கு ஆறு மரக்காலைக் கழித்தார்கள். மிச்சத்தில் பாதி கருக்காய். மூணு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டாராம். அதற்குப் பிறகு ஊரில் அவருக்குப் பெயரே 'படிச்சோத்தான்' என்று ஆகிவிட்டது. அந்தப் பெயர் எங்க அப்பாவுக்கும் வந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்கும் வந்தது. நான் எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு ஊருக்கு வந்த அன்றுகூட ஒரு பெரியவர் "படிச்சோத்தான் பேரன் படிச்சுட்டு வந்திருக்கான்" என்றார். அவர் வஞ்சகமாகச் சொல்லவில்லை. அப்படித்தான் எங்களை அடையாளம் தெரியும்.

இந்தக் கதையை எழுத வேண்டும் என்று உட்கார்ந்தபோது நண்பர் ஒருவர் கேட்டார்: "தின்கிற பந்தயம் எல்லா ஊரிலும் இருக்கிறதுதானே. விளையாட்டில் என்ன தோழர் வரலாறு?" அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை.

2

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எங்க தெருவிலும் தின்கிற பந்தயம் உண்டு. கபடி ஆடி முடித்துவிட்டு இளவட்டங்கள் ஒரு தார் வாழைப்பழத்தை நடுவில் வைத்து யார் அதிகம் என்று பார்ப்பார்கள். பனம்பழம் சுட்டுப் போட்டி போட்டுச் சப்புவார்கள். அதில் தோற்றவனும் தின்பான், ஜெயித்தவனும் தின்பான், வேடிக்கை பார்க்கிற பொடியனுக்கும் இரண்டு பழம் கிடைக்கும். பந்தயம் வைத்தவனும் அதே வட்டத்தில் உட்கார்ந்திருப்பான். அடுத்த முறை அவன் தின்ன வேண்டியிருக்கும். இது விளையாட்டு. இதில் எனக்குப் புகார் இல்லை.

களத்து மேட்டில் நடந்தது அது இல்லை. அங்கே பந்தயம் வைக்கிறவன் தின்ன மாட்டான், தின்கிறவன் பந்தயம் வைக்க முடியாது. பசியே அறியாத ஒருவன் பசித்தவனுடைய வயிற்றைப் பொழுதுபோக்காகப் பார்க்கிறான். எவன் வைக்கிறான், எவன் தின்கிறான், எவன் பார்க்கிறான், எவன் பெயர் கெடுகிறது என்ற நான்கு கேள்விகளையும் கேட்காமல் எந்தத் தீனிப் பந்தயத்தையும் விளையாட்டு என்று சொல்லிவிட முடியாது.

நம் இலக்கியத்திலும் புராணத்திலும் பெருந்தீனிக்குக் குறைவில்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் போன பொருநன் இரவும் பகலும் இறைச்சி தின்று தின்று, புன்செய் உழுத கொழு தேய்கிற மாதிரிப் பல் மழுங்கிப் போனதாகச் சொல்கிறான். வகுப்பறையில் இதை மன்னனின் கொடைச் சிறப்பு என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அந்தப் பொருநனும் சுற்றமும் அதற்கு முன்னால் எத்தனை நாள் பட்டினி என்று யாரும் கேட்கவில்லை. பாட்டுக்காரனின் பசி பாட்டிலேயே இருக்கிறது. பாடம் நடத்துகிறவருக்குத்தான் கொடை மட்டும் கண்ணில் படுகிறது.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் குண்டோதரன் வருகிறான். தடாதகைப் பிராட்டியின் கல்யாணத்தில் மலை மலையாகச் சோறு மிஞ்சிவிட்டது. அந்தப் பெருமையை அடக்கச் சிவன் ஒரு பூதத்தை அனுப்புகிறார். கூடவே அதன் வயிற்றில் தீராத பசியையும் ஏவுகிறார். அவன் மிஞ்சியதையெல்லாம் தின்கிறான், பசி அடங்கவில்லை. அன்னக்குழி வருகிறது. தாகத்துக்கு வையை ஆறே வருகிறது. கதை என்னவோ பாண்டிய அரசியின் செருக்கு அடங்கியதைப் பற்றியது. ஆனால் ஊர் வழக்கில் நிலைத்த பெயர் யாருடையது? குண்டோதரன் என்றால் இன்றைக்கும் வசவு. பசியை ஏவியவருக்குக் கோயில், பசித்துத் தின்றவனுக்குக் கேலிப் பெயர். எங்க தாத்தாவுக்கு நடந்ததும் இதுதான். பந்தயம் வைத்த ஆண்டைக்கு அதனால் ஒரு பட்டப்பெயரும் வரவில்லை.

'பந்திக்கு முந்து படைக்குப் பிந்து' என்று ஒரு பழமொழியை எல்லோரும் சொல்கிறார்கள். நமக்கு அது பொருந்துமா என்று யோசித்துப் பாருங்கள். ஊர் விருந்தில் நாம் என்றைக்குப் பந்திக்கு முந்தினோம்? எல்லாப் பந்தியும் முடிந்து இலை எடுத்த பிறகு, கொல்லைப் பக்கம் வாளியோடு நின்றவர்கள் நாம். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோதும், ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' 1997இல் இந்தியில் வந்தபோதும் அந்த வாளி இலக்கியத்துக்குள் வந்தது. ஜூட்டன் என்றால் எச்சில் சோறு. தன்வரலாற்றுக்கு வேறு தலைப்பு அவருக்குத் தேவைப்படவில்லை.

3

எவ்வளவு தின்ன முடியும் என்று பார்ப்பது ஒரு பந்தயம். எவ்வளவு குறைவாகத் தின்று ஒருவன் உயிரோடு இருப்பான் என்று பார்ப்பது இன்னொரு பந்தயம். இந்த இரண்டாவதை நம் மேல் வைத்தது அரசாங்கம்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் அடித்தது. தாது வருசப் பஞ்சம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். வைசிராய் லிட்டன் 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியைப் பஞ்ச மேற்பார்வைக்கு அனுப்பினார். நிவாரண வேலையில் மண் வெட்டுகிற ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று அவர் கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். அரிசியாகக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 1600 கலோரி. நாள் முழுக்க வெயிலில் மண் சுமக்கிற உடம்புக்கு இது எந்த மூலைக்கு?

இதே டெம்பிள் 1874 பஞ்சத்தில் பீகார், வங்காளப் பக்கம் தாராளமாகத் தானியம் இறக்கியவர். சாவு மிகக் குறைவாக இருந்தது. ஆனால் பணத்தை வீணடித்தார் என்று வெள்ளைக்கார மேலிடம் அவரைத் திட்டியது. அந்தக் கெட்ட பெயரைத் துடைக்கத்தான் சென்னையில் கையை இறுக்கினார். அவருடைய உத்தியோகப் பெயருக்கு நம் வயிறு விலை.

சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். இந்தக் கூலியில் வேலை செய்கிறவர்கள் உருகிப் போகிறார்கள், இது மெல்லக் கொல்கிற ஏற்பாடு என்பது அவருடைய வாதம். கொஞ்ச மாதங்களில் கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று. அதற்குள் மடிந்தவர்களை யார் எண்ணுவது? மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச நிவாரண வேலையில் வெட்டப்பட்டது. நிலமில்லாதவன்தான் பஞ்சத்தில் முதலில் கூலிக்கு வருவான். நிலமில்லாதவன் இந்த மண்ணில் யார் என்று இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பஞ்சத்தைப் பற்றிப் பேசும்போது மருத்துவம் சொல்கிற ஒரு விசயத்தையும் இங்கே வைக்க வேண்டும். 'பட்டினி கிடந்தவனுக்கு வயிறு பெரிசு, எவ்வளவு போட்டாலும் தின்பான்' என்று ஊரில் ஒரு நம்பிக்கை. உண்மை இதற்கு நேர் எதிர். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று நிறையச் சோறு இறங்கினால் ரத்தத்தில் இருக்கிற பாஸ்பேட் முதலான உப்புகள் சரேலென்று குறையும். இருதயம் தடுமாறும். சாவுகூட வரும். இரண்டாம் உலகப் போர் முடிவில் முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர் சாப்பாடு கிடைத்த பிறகு இறந்ததை மருத்துவர்கள் பார்த்தார்கள். பசித்தவனைக் கூப்பிட்டு ஒரு படிச் சோற்றுக்கு முன்னால் உட்கார வைப்பது கொடை இல்லை. தாத்தா மூணு நாள் புரண்டதோடு போனது எங்க அதிர்ஷ்டம்.

4

மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. அதைப் பந்தயம் என்று சொல்ல நாக்கு கூசுகிறது. ஆனால் அதே களத்து மேட்டில், அதே ஆண்டையின் கையால் நடந்தது அது.

பழைய தஞ்சாவூர் ஜில்லாவின் பண்ணைகளில் வேலைக்குப் பிந்தி வந்தால், எதிர்த்துப் பேசினால், கூலி கூடக் கேட்டால் தண்டனை சவுக்கடியும் சாணிப்பாலும். மாட்டுச் சாணியைத் தண்ணியில் கரைத்துக் குடிக்க வைப்பார்கள். 'எங்கே குடி பார்ப்போம்' என்பதுதான் அங்கேயும் சொல். சுற்றி நின்று பார்ப்பதும் அதே கூட்டம். 1940களில் பி. சீனிவாசராவ் முதலானோர் சேரிகளுக்குள் வந்து செங்கொடிச் சங்கம் கட்டியபோது வைத்த முதல் கோரிக்கைகளில் இந்த இரண்டையும் நிறுத்துவதும் உண்டு. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டத்துக்குப் பிறகு சாணிப்பால் குறைந்தது. ஆனால் சோற்றின் மேல் இருந்த அதிகாரம் போகவில்லை. கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள்.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். 1990 ஜனவரி 30 முதல் நடைமுறைக்கு வந்தது. வன்கொடுமைகளை வரிசையாகச் சொல்கிற மூன்றாவது பிரிவில் முதல் குற்றம் எது? அடியா, கொலையா, நிலப்பறியா? இல்லை. பட்டியல் சாதியைச் சேர்ந்தவரையோ பழங்குடியினரையோ தின்னத் தகாத, அருவருப்பான பொருளைத் தின்னவோ குடிக்கவோ கட்டாயப்படுத்துவதுதான் முதல் குற்றம். 2015இல் சட்டத்தைத் திருத்தியபோதும் அதுவே முதல் இடத்தில் நின்றது. வாயில் திணிப்பதையும் சேர்த்தார்கள். ஒரு நாட்டின் சட்டப் புத்தகம் இப்படித் தொடங்க வேண்டியிருக்கிறது என்றால் அந்த நாட்டில் சாப்பாட்டின் வரலாறு எப்படி இருந்திருக்கும் என்று சட்டக் கல்லூரியில் யாராவது பாடம் நடத்தியிருக்கிறார்களா?

சட்டம் வந்து பன்னிரண்டு வருசம் கழித்து, 2002 மே மாதம், திருச்சி மாவட்டம் திண்ணியத்தில் இரண்டு தலித்துகளைச் சூட்டுக்கோலால் சுட்டு, ஒருவர் வாயில் ஒருவர் உலர்ந்த மலத்தை ஊட்டும்படி செய்தார்கள். அரசு வீட்டுக்காகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டதில் தொடங்கிய விவகாரம் அது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒருவரை ஒருவர் ஊட்டச் சொன்னார்கள். ஊட்டுவது என்பது தாய் பிள்ளைக்குச் செய்வது. அந்தச் செயலையே எடுத்து அவமானமாக மாற்றினார்கள்.

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் ஒரு பெயர் சேர்ந்தது. 2022 டிசம்பர் 26 அன்று வேங்கைவயலில் தலித் மக்களின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிய வந்தது. பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போய், காரணம் தேடிப் போனபோது கண்டுபிடித்தார்கள். 2025 ஜனவரியில் சிபிசிஐடி போட்ட குற்றப்பத்திரிகை அந்தத் தெருக்காரர்கள் மூவரையே குற்றவாளிகள் என்றது. மக்கள் அதை ஏற்கவில்லை. எங்க தெருவில் அந்தச் செய்தி வந்த அன்று என் சித்தி ஒரு குவளைத் தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தது.

5

இதுவரை சொன்னவை நம் மேல் வைக்கப்பட்ட பந்தயங்கள். நாம் வைத்த பந்தயமும் ஒன்று உண்டு.

1927 மார்ச் 20. மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற ஊர். பொதுக்குளங்களை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய்ச் சட்டசபை 1923இலேயே தீர்மானம் போட்டிருந்தது. மகாட் நகராட்சியும் 1924இல் ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் திறந்த குளத்தில் மூன்று வருசமாக ஒரு தலித்தும் இறங்க முடியவில்லை. அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு சவதார் குளத்துக்கு ஊர்வலமாகப் போய், இறங்கி, கையால் தண்ணீரை அள்ளிக் குடித்தார். பின்னாலேயே மற்றவர்களும் குடித்தார்கள்.

ஒரு கை தண்ணீர். அவ்வளவுதான். அந்தத் தண்ணீரில் தாகம் தீரவில்லை, அடிதான் கிடைத்தது. ஊர் திரும்புகிற வழியில் சாதி இந்துக்கள் தாக்கினார்கள். குளத்தைத் தீட்டுக் கழிக்கப் பானை பானையாகச் சாணியும் கோமியமும் பாலும் தயிரும் ஊற்றினார்கள். இதையும் தஞ்சாவூர்ச் சாணிப்பாலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்களுக்குக் குளத்தைச் சுத்தப்படுத்துகிற சாணி, நமக்குத் தண்டனை.

அதே மகாட் மாநாட்டில் அம்பேத்கர் தம் மக்களிடம் செத்த மாட்டைத் தின்பதை விடுங்கள், எச்சில் சோற்றுக்குக் கை நீட்டுவதை விடுங்கள் என்றும் கேட்டார். மாட்டுக்கறி தின்பதை இன்று நாம் உரிமையாகப் பேசுகிறோம். அம்பேத்கர் சொன்னதும் நாம் சொல்வதும் முரண் என்று சிலர் கிண்டல் செய்கிறார்கள். முரண் இல்லை. அவர் விடச் சொன்னது பிறர் எறிந்ததைப் பொறுக்கித் தின்கிற நிலையை. நாம் கேட்பது நம் காசில் நாம் வாங்கியதை நம் விருப்பத்துக்குத் தின்கிற நிலையை. இரண்டிலும் பிரச்சினை பொருளில் இல்லை, கொடுக்கிற கையில் இருக்கிறது.

தமிழ்நாட்டிலும் இந்தப் பந்தயம் நடந்தது. வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதை 1924-25இல் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தார்கள். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடியுமா, முடியாதா என்பது ஒரு கட்சியையே உடைக்கிற அளவுக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. அப்புறம் ஊர் ஊராக இரட்டைக் குவளைக்கு எதிரான போராட்டம். டீக்கடையில் மேசைமேல் இருக்கிற கண்ணாடிக் கிளாஸை எடுத்து ஒரு டீ குடிப்பதுதான் சவால். எங்க அப்பா இளவட்டமாக இருந்தபோது சங்கத்து ஆட்கள் நாலு பேரோடு போய் அப்படிக் குடித்துவிட்டு வந்து, ராத்திரி முழுக்க அரிவாளோடு தெருமுனையில் காவல் இருந்த கதையை அம்மா சொல்லும். "டீ நல்லாவே இல்லடா. சக்கரையே போடல"ன்னு சிரிப்பார் அப்பா.

சோற்றைத் தின்ன மறுப்பதும் இங்கே ஒரு சவாலாக நடக்கிறது. திருப்பூர் மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று 2018இல் பிரச்சினை பண்ணினார்கள். அந்தப் பெண்ணை முதலில் மாற்றிவிட்டு, போராட்டம் வெடித்த பிறகு மீண்டும் பணியில் அமர்த்தினார்கள். பசித்த பிள்ளையின் தட்டைத் தட்டிவிட்டாவது சாதியைக் காப்பாற்ற நினைத்தார்கள்.

6

இனி இன்றைய கதைக்கு வருவோம்.

அமெரிக்காவில் நியூயார்க் கோனி தீவில் ஒவ்வொரு ஜூலை 4ஆம் தேதியும் ஹாட் டாக் தின்கிற போட்டி நடக்கிறது. 2001இல் ஜப்பானைச் சேர்ந்த டக்கேரு கோபயாஷி 12 நிமிடத்தில் 50 தின்றார். 2021இல் ஜோயி செஸ்ட்நட் 10 நிமிடத்தில் 76. 1916இலிருந்து நடக்கிற பாரம்பரியம் என்று விளம்பரம் செய்தார்கள். அந்தப் பழைய கதை தாங்கள் கட்டிவிட்டது என்று அந்த விளம்பரக்காரரே பிற்பாடு ஒத்துக்கொண்டார்.

ஆனால் அந்த நாட்டில் தீனிப் போட்டிக்கு இன்னொரு வரலாறு இருக்கிறது. 1896இல், சினிமா பிறந்த புதிதில், எடிசனின் கம்பெனி எடுத்த குட்டிப் படங்களில் ஒன்று கறுப்பின மனிதர்கள் தர்பூசணி தின்று போட்டி போடுவது. அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்து முப்பது வருசம் ஆகியிருந்தது. விடுதலையான கறுப்பின மக்கள் தாங்களே விளைவித்து விற்ற பழங்களில் தர்பூசணியும் ஒன்று. அதையே பிடித்துக்கொண்டு 'இவர்கள் தின்னிகள், பொறுப்பில்லாதவர்கள்' என்று படமாகவும் தபால் அட்டையாகவும் அச்சடித்து நாடு முழுக்க விற்றார்கள். இதைப் படித்தபோது எனக்குக் களத்து மேடும் 'படிச்சோத்தான்' என்ற பெயரும்தான் நினைவுக்கு வந்தன. உழைத்தவன் தின்றால் அது சிரிப்பு. உட்கார்ந்திருந்தவன் தின்றால் அது விருந்து.

நம்மூரில் 2009இல் 'வெண்ணிலா கபடிக் குழு' படம் வந்தது. அதில் சூரி பரோட்டா பந்தயத்தில் கணக்கைக் கலைத்து, முதலிலிருந்து எண்ணு என்று கடைக்காரரை அலற விடுவார். ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். அவர் 'பரோட்டா சூரி' ஆனார். அந்தக் காட்சியில் எனக்குப் பிடித்தது, தின்கிறவன் கடைக்காரரைத் தோற்கடிக்கிறான் என்பது. ஆனால் அதற்குப் பிறகு ஊர் ஊராகக் கடை வாசலில் தொங்கிய பலகைகளில் தோற்றது கடைக்காரர்கள் இல்லை. இத்தனை பரோட்டா தின்றால் இலவசம், தின்னாவிட்டால் முழுக்காசு. செல்போனில் படம் எடுக்கக் கூட்டம். விளம்பரச் செலவு மிச்சம்.

2024 ஆகஸ்டில் கோவை ரயில் நிலைய வளாகத்தில் இருக்கிற ஒரு ரயில்பெட்டி உணவகத்தில் பிரியாணிப் போட்டி வைத்தார்கள். அரைமணி நேரத்தில் ஆறு பிரியாணி தின்றால் ஒரு லட்சம். நாலுக்கு ஐம்பதாயிரம், மூணுக்கு இருபத்தைந்தாயிரம். கூட்டம் ரோட்டை அடைத்து, போலீஸ் வழக்குப் போடுகிற அளவுக்குப் போனது. அந்தக் கூட்டத்தில் ஒரு தகப்பன் தன் பிள்ளையின் வைத்தியச் செலவுக்காகத் தின்ன வந்தேன் என்று சொன்னது செய்தியில் வந்தது. வைத்தியத்துக்குப் பணம் இல்லாத ஒருவன் அதைத் தன் வயிற்றால் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. அடுத்த மாதமே, ஓணம் சமயத்தில், வாளையார் பக்கம் ஒரு இட்லி தின்னும் போட்டியில் தொண்டை அடைத்து ஒருவர் செத்துப் போனார். மெல்லாமல் அவசரமாக விழுங்குகிற இட்லி மூச்சுக்குழாய் வாயில் ஒட்டிக்கொண்டால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். தனியாகச் சாப்பிடுகிறவனை யாரும் அவசரப்படுத்துவதில்லை. கைதட்டிய கூட்டம்தான் அவசரப்படுத்தியது.

7

கட்டுமாவடியில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் நிறையக் கடைகள் வந்துவிட்டன. மீன் ஏலத்துக்கு வருகிற வண்டிக்காரர்களை நம்பி நடக்கிற கடைகள். 2018 நவம்பர் 16 கஜா புயலில் தென்னை, கூரை, படகு எல்லாம் போய், மறுபடி எழுந்த இடம். புயலுக்கு மறுவாரம் நிவாரணப் பொட்டலம் வாங்க நாங்கள் வரிசையில் நின்றபோது கொடுக்க வந்த ஒருவர், "காலையிலதானே வாங்கினீங்க, எத்தனை பொட்டலம் தின்பீங்க?" என்று கேட்டார். ஆறு பேர் இருக்கிற வீட்டுக்கு இரண்டு பொட்டலம் வாங்கியிருந்தோம். எனக்குப் பின்னால் நின்ற அத்தை மெதுவாகச் சொன்னது: "படிச்சோத்தான் வீடுன்னு யாரோ சொல்லிருக்காங்கடா." அந்தத் துக்கத்திலும் சிரித்துவிட்டோம்.

போன வருசம் அங்கே ஒரு கடையில் பரோட்டாப் பந்தயப் பலகை வைத்தார்கள். எங்க தெருத் தம்பி ஒருவன், படகில் கூலிக்குப் போகிறவன், பெயர் கொடுத்திருக்கிறான் என்று தெரிந்து ஓடினேன். இருபத்தைந்து தின்றால் இலவசம், மேலே ஆயிரம் ரூபாய். ரெண்டு நாளாகச் சாப்பிடாமல் வயிற்றைக் காயப் போட்டிருந்தான். அப்படி வந்தால் நிறைய இறங்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நான் போகும்போது பதினொன்று முடிந்திருந்தது. சுற்றிலும் செல்போன். "எறக்கு மாப்ள, எறக்கு" என்று சத்தம். அவனுடைய கண் பிதுங்கி நெற்றி வேர்த்திருந்தது. கூட்டத்தை விலக்கிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. கட்டுரை எழுதுகிறவனுக்கு அந்த நேரத்தில் ஒரு வார்த்தை வராது. தாத்தா கதை அவனுக்கும் தெரியும், எங்க தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"வீட்ல அம்மா சாப்பிட்டுச்சாடா?"

என்னைப் பார்த்தான். பதிமூன்றாவதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து கையைக் கழுவினான். கூட்டம் ஓவென்று கத்தியது. கடைக்காரர் "தோத்துட்டாம்ப்பா, முழுக்காசு" என்றார். "குடுக்கிறேண்ணே. எத்தனைன்னு சரியா எண்ணிக்கங்க. அதோட இன்னும் ஆறு பரோட்டா பார்சல் கட்டுங்க. சால்னா கூட ஊத்துங்க" என்றான். கையில் இருந்தது பத்தாமல் என்னிடம் நாற்பது ரூபாய் வாங்கினான்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். பந்தயத்துக்குப் பிறகு தாத்தா யார் முன்னாலும் சாப்பிட மாட்டாராம். சொந்த வீட்டிலேயே சுவரைப் பார்த்துத்தான் உட்காருவார். பிள்ளைகள் சாப்பிட்டாச்சா என்று கேட்ட பிறகுதான் தட்டில் கை வைப்பார். எனக்கு விவரம் தெரிந்தபோதும் அப்படித்தான் இருந்தார். அவருடைய முதுகைத்தான் நான் சாப்பாட்டு நேரத்தில் பார்த்திருக்கிறேன்.

அன்று ராத்திரி அந்தத் தம்பி வீட்டு வாசலில் பொட்டலத்தைப் பிரித்து நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தெருவில் போகிறவர்களையெல்லாம் "வாங்கண்ணே, ஒரு வாய்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது அவனுடைய அம்மா. நானும் உட்கார்ந்தேன். எத்தனை தின்றோம் என்று யாரும் எண்ணவில்லை.